இரண்டு நொடி முந்தி வந்த சத்தம்

நம்பினால் நம்புங்கள். டெஸ்மண்ட் கதை கட்டுகிற ஆள் இல்லை. நடந்தது பட்டப்பகலில். போன மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு மேல். சிங்கப்பூரின் தெம்பனிஸில், பதினோராவது மாடி வீடு ஒன்றில்.

டெஸ்மண்டுக்கு வீடுகளில் வைஃபை கேமரா பொருத்தும் வேலை. மாதா கோயில் பழக்கத்தில் வெரோனிகா அக்கா கூப்பிட்டிருந்தார். அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"நாலு மணிக்கு மேல வந்துடுவேன். முடிச்சு வச்சிரு லா," என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு கிளினிக் வேலைக்குப் போய்விட்டார்.

டிவி மேசைமேல் கேமரா. எதிரே சோபா. சோபாவை ஒட்டி பாம் ஷெல்ட்டர். போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய சின்ன அறை. தடித்த கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு. எல்லாரையும் போல அக்காவும் அதில் தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்தார். வைஃபை பெட்டியும் அங்கேதான் இருந்தது.

3:19. டெஸ்மண்டின் போனில் ஹால் தெரிந்தது. படம் இரண்டு நொடி பிந்தி வந்தது. அது வழக்கம்தான். ஆனால் படம் திக்கித் திக்கி ஓடியது. வைஃபை பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடலாம் என்று ஷெல்ட்டருக்குள் போனான். குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றுக்கு அசைகிற கதவு இல்லை அது. அறை விளக்கும் அணைந்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கொஞ்சம் நகர்ந்தது... திரும்பப் போய்விட்டது. வெளியே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

"அக்கா? வந்துட்டீங்களா?"



போனை எடுத்தான். சிக்னல் சுத்தமாக இல்லை. பிளக்கை மறுபடி செருகிப் பார்த்தான். வைஃபை பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

ஆனால் போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

திக்கவே இல்லை. அத்தனை தெளிவு. சோபா. மின்விசிறி. மூடிய இரும்புக் கதவு. கதவுக்கு முன்னால் யாரும் இல்லை. வைஃபை இல்லை, சிக்னல் இல்லை... இது எப்படி வருகிறது?

3:23. கதவை இடிக்கக் கையை ஓங்கினான்.

தொம்!

சத்தம் போனிலிருந்து வந்தது. அவன் கை இன்னும் கதவில் படவில்லை.

இரண்டு நொடி. அதற்குப் பிறகுதான், அவனையும் மீறி, கை கதவில் மோதியது. தொம்.

பிந்தி வர வேண்டியது முந்தி வருகிறது.

"அக்கா! கதவைத் திறங்க!"

போனில் அவன் குரல். அவன் வாயே திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான். கத்த மாட்டேன்... கத்தவே மாட்டேன்...

போனில் அவன் குரல் மறுபடி கத்தியது. பிறகு மெல்லச் சிரித்தது.

3:26. படத்தில் இரும்புக் கதவு திறந்தது.

அப்பாடா. படம் முந்தி வருகிறதே. அப்படியென்றால் இதோ, இந்தக் கதவும் திறக்கப் போகிறது. எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. பத்து.

கதவு திறக்கவில்லை.

போன் அணைந்தது.

இருட்டு.

"அருள் நிறைந்த மரியே..." முணுமுணுத்தான். நிறுத்தினான். கதவுக்கு அந்தப் பக்கம் சோபா கிறீச்சிட்டது. யாரோ உட்காரும் சத்தம்.

பிறகு ஒன்றுமே இல்லை.

4:10க்கு வெரோனிகா அக்கா வந்து திறந்தார். கைப்பிடி லேசாகத் திரும்பியது.

"ஐயோ! உள்ள என்னப்பா பண்றே?"

டெஸ்மண்ட் வெளியே பாய்ந்தான். ஹாலில் யாரும் இல்லை. கருவிப் பையைக்கூட எடுக்காமல் படியில் இறங்கி ஓடினான். பதினோரு மாடியும்.

மாலை 6:40. வீடு இருக்கும் பூன் லேயில் ரயிலைவிட்டு இறங்கும்போது அக்கா போனில் கூப்பிட்டார்.

"கேமராவுக்குள்ள இருக்கிற மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தேன். 3:26க்கு நீ வெளிய வந்துட்டே."

"நான் வரலைக்கா."

"நீதான்பா. அதே சட்டை. கதவைச் சாத்திட்டு சோபாவுல உக்காந்தே. நாப்பத்து நாலு நிமிஷம். கண்ணு இமைக்கலை. என் சாவிச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு, கேமராவுக்குப் பின்னாடி போயிட்டே. அதுக்கப்புறம் படத்துல இல்ல."

டெஸ்மண்ட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அவ்வளவு நேரமும் வாய் அசைஞ்சுட்டே இருந்துச்சு. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். டெஸ்மண்ட்... பிலோமினம்மாள் யாரு? கேலப் யாரு?"

அவன் அம்மா. அவன் மகன், நான்கு வயது. இருவரும் இப்போது வீட்டில் இருப்பார்கள். அக்காவிடம் அந்தப் பேர்களை அவன் சொன்னதே இல்லை.

"ரெண்டு பேரையும் மாத்தி மாத்திச் சொல்லிச்சு. அப்புறம் பூன் லேல ஒரு பிளாக் நம்பர், மாடி, வீட்டு நம்பர். தப்பாச் சொல்லும், திருத்திக்கும், திரும்பச் சொல்லும். சின்னப் பிள்ளைங்க பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுமே... அந்த மாதிரி."

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில தப்பில்லாம சொல்லிருச்சுப்பா."