எந்த கனெக்‌ஷன் நல்லதுங்க அம்மணி?

இன்டர்நெட் கனெக்‌ஷன் விற்கிறவளுக்கு இன்டர்நெட் தெரிந்திருப்பதைவிட முக்கியம், எந்த வீட்டில் காபி குடிக்காமல் எழுந்தால் கோபித்துக்கொள்வார்கள் என்பது தெரிந்திருப்பது.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவை கணபதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு அந்த வேலை. மூன்று கம்பெனிகளின் கனெக்‌ஷனை விற்றோம். அரிசி மாதிரி அளந்துதான் கிடைக்கும், இத்தனை மணி நேரம் என்று. போன் வயரை மோடத்தில் செருக வேண்டும். அது கம்பெனி நம்பரைச் சுற்றும், கிரைண்டரில் தகரத்தைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம் போடும், நேரம் நன்றாக இருந்தால் சேரும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள் என்றால், என் கஷ்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்கியவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதன்மேல் பூப்போட்ட துணி மூடியிருக்கும். என் மொபெட் சத்தம் கேட்டுக் கதவைத் திறப்பவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆளு வரலீங்களா?" என்பார்கள். நான்தான் ஆள் என்று புரிய ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரமாகும். கடையில் போனை எடுத்துப் புகார் கேட்பவர் தண்டபாணி. வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுத்து, சொல்லிக் கொடுத்துவிட்டு வருவது நான்.

நாயுடு தேர்ந்தெடுத்த விதம்

ரங்கசாமி நாயுடு கணபதியிலேயே லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை மருமகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தார். மூன்று கம்பெனி நோட்டீஸையும் மேஜையில் வரிசையாக வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். எதில் வேகம் அதிகம், எதில் லைன் சீக்கிரம் கிடைக்கும், வாங்கின மணி நேரம் தீராமல் மிச்சமிருந்தால் என்ன ஆகும் என்று நான் ஒப்பித்துக்கொண்டே போனேன். எதற்கும் அவர் முகம் மாறவில்லை.

கடைசியில், "கெட்டுப்போனா யாரு வருவாங்க?" என்றார். அந்தக் கம்பெனிக்கு நான்தான் வருவேன் என்றேன். இரண்டாவதற்கு? அதற்கும் நான்தான். மூன்றாவதற்கும் நான்தான் என்றதும் மூன்று நோட்டீஸையும் ஒன்றாக மடித்து என்னிடமே நீட்டிவிட்டார்.

"அப்ப கம்பெனி எதா இருந்தா என்னங்க அம்மணி? உங்க ஊடு எங்கிருக்குதுன்னு சொல்லுங்க."

சிஸ்டரின் காய்ச்சல்

ரோஸ்லின் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் தோஹாவில். இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டார். "அதுல சாயங்காலம் லைன் கிடைக்கிறது கஷ்டமுங்க சிஸ்டர்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். பென்ஷன்காரருக்கு மலிவு என்ற சொல் காதில் விழுந்தபிறகு மற்றது விழாது. அதில் தப்பும் இல்லை.

ஒரு வாரம் போனது. சிஸ்டர் கடைக்கே வந்துவிட்டார். மகன் வேலை முடிந்து உட்காரும் நேரத்துக்கு இவரும் உட்கார்ந்தால், எப்போது பார்த்தாலும் எங்கேஜ்டு. தண்டபாணி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "மத்தியானம் போடுங்க சிஸ்டர், உடனே கிடைக்கும்." சிஸ்டர் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த மாதம் நானே வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதுதான் எங்கள் கடையில் ரொம்ப நாள் புழங்கியது.

"காய்ச்சல் வர்ற நேரத்துக்கு டாக்டர் வரணும் தம்பி. நீங்க டாக்டர் வர்ற நேரத்துக்குக் காய்ச்சலை வரச் சொல்றீங்க."

அன்னூர் எஸ்.டி.டி.

எங்கள் மூன்று கம்பெனிக்கும் நம்பர் கோவையில்தான். அன்னூரிலிருந்து அந்த நம்பரைச் சுற்றினால் எஸ்.டி.டி. கணக்கு, வெளியூர் அழைப்புக்கான காசு. ஆகவே அன்னூர் குப்புசாமியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மஞ்சளும் வாழையும் போட்டிருந்த விவசாயி அவர். மகன் ஆஸ்திரேலியாவில். "வேண்டாம்னு சொல்லி விக்கிற கடைய இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று சிரித்துவிட்டு வாங்கியே தீருவேன் என்றார். சரி, செலவு குறைய ஒரு வழி சொன்னேன். லைன் போடாமலே கடிதத்தை டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு லைன் போட்டு அனுப்பியதும் துண்டித்துவிடுங்கள் என்று. நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கடைக்கே போன் செய்தார். அப்பாவிடமிருந்து வாரம் தவறாமல் மழை, மஞ்சள் விலை, மாட்டுக்குக் கன்று பிறந்தது எல்லாம் வருகிறதாம். இவர் கேட்கும் எதற்கும் பதில் மட்டும் இல்லையாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க எப்போது வரட்டும் என்று நாலு தரம் கேட்டாயிற்றாம். நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு அன்னூர் போனேன். மெயில் வாங்குகிற பொத்தானைக் குப்புசாமி ஒருநாளும் தொட்டதில்லை. அப்போது செல்போனில் நமக்கு வருகிற அழைப்புக்கும் காசு பிடிப்பார்கள், இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டியிருந்தார். பொத்தானை அழுத்தினேன். மகனின் கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். குப்புசாமி மட்டும் அசையவில்லை.

"நான் எழுதுனதுக்கு நான் காசு கட்டறனுங்க. அவன் எழுதுனதுக்கும் நானே கட்டறதுன்னா என்னங்க நாயம்?"

மோடத்துக்குப் பயப்படாதவர்

ஆறுமுகம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். மகள் கவிதா கம்ப்யூட்டர் படித்து, கல்யாணமாகி அமெரிக்கா போனவள். அங்கிருந்தபடியே எங்கள் கடைக்குப் போன் செய்து, "அம்மாவுக்குச் சொல்லிக்குடுங்க, அப்பாவுக்கு இல்ல, அம்மாவுக்கு" என்று தண்டபாணியிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தாள். நான் போனபோது ஆறுமுகம் தானே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இருக்கிறதிலேயே சின்ன மணி நேர பேக்கைப் போட்டுவிடச் சொன்னார்.

மரகதம் அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டுமாமே என்றேன். "அவளுக்குக் காது கேக்காதுங்க அம்மணி, பத்து வருசமாச்சு. போன் வந்தாலே நான்தான் பேசி, அவ காதுல கத்திச் சொல்லோணும். இதெல்லாம் அவளுக்கு எதுக்குங்க?" என்றார். இதுக்குக் காது வேண்டியதில்லீங்க என்று சொல்லி, அந்த அம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. மகள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவாள், கூட்டிப் படித்தால் போதும். லைனைப் போட்டேன். மோடம் அலறியது. ஆறுமுகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். என் வாடிக்கையாளர்களில் அந்தச் சத்தத்துக்கு உடம்பு அதிராமல் உட்கார்ந்திருந்தவர் மரகதம் அம்மா ஒருவர்தான். மோடத்தில் சிமிட்டிய விளக்குகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, இவிய எதுக்குக் காதைப் பொத்திக்கறாங்க?"

சத்தமாகப் படித்த கடிதம்

பத்து நாள் போல இருக்கும், லைன் சேரவில்லை என்று ஆறுமுகம் கூப்பிட்டார். வயர் நழுவியிருந்தது. செருகிப் போட்டதும் கவிதாவின் கடிதங்கள் இரண்டு வந்து விழுந்தன. மரகதம் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். காது கேட்காதவர் அல்லவா, வாய்விட்டு, அதுவும் சத்தமாகத்தான் படிப்பார். முதல் கடிதத்தில் குளிர், சமையல், பக்கத்து வீட்டு நாய். இடையில் இங்கிலீஷ் எழுத்தில் பால் போலவே தெரிகிற "பல்" வலியைப் "பால்" வலி என்று படித்து அவரே சிரித்துக்கொண்டார்.

இரண்டாவது கடிதம் அப்படியில்லை. "அம்மா, நான் அவரை விட்டுட்டுத் தனியா வந்து ஒரு வருசமாச்சு. அப்பாகிட்டச் சொல்லி உங்கிட்டச் சொல்லச் சொன்னேன். நீ ஒரு வார்த்தைகூடக் கேக்கல. கோவமா இருந்தா திட்டியாவது எழுது." பாதியில் எனக்குப் புரிந்துவிட்டது. தோளைத் தொட்டு, மெதுவாக என்று சைகை காட்டினேன். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் ஈரச்சேலையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து போனால் போதுமென்று இருந்தது. எழவும் முடியவில்லை, என் கையை அவர் பிடித்திருந்தார்.

ஆறுமுகம் வாசற்படியில் வந்து நின்றார். மரகதம் அம்மா திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அத்தனை பெரிய குரல் கொண்ட மனுஷன், குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். "இதைப் போய் என்னன்னு கத்திச் சொல்றது, மரகதம்? தெருவே கேட்டிருக்குமே." இந்த அம்மா அவர் உதட்டைப் படித்து முடித்தார். அழுவார் என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"கண்ணு, 'எனக்குக் கோவம் இல்ல'ன்னு எழுதறதுக்கு எந்தெந்தப் பொத்தானை அமுக்கோணும், சொல்லு."

தனி ஐ.டி.

அந்தச் சின்ன பேக் மாதக் கடைசி வரை வரவில்லை. ஆறுமுகமே கடைக்கு வந்து பெரியது கேட்டார். அதுவும் தீர்ந்தது. அம்மாவும் மகளும் தினம் எழுதிக்கொண்டார்கள். எனக்கு மரகதம் அம்மாவை வழியில் பார்த்தால் போதும், கணபதி பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கும்படி சமாச்சாரம் சொல்வார்: கவிதா வேறு ஊரில் நல்ல வேலையில் சேர்ந்துவிட்டாள், இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம், தனியாகக் கார் ஓட்டப் பழகிவிட்டாளாம். "ஒரு வருசம் எம்புள்ள தனியாக் கெடந்துட்டா" என்று ஒருநாள் சொன்னபோது மட்டும் குரல் இறங்கியது. அவரால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறுமுகத்தின் பாடு வேறு. ஒரு நாள் கடைக்கு வந்து சுற்றி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, எனக்கும் தனியாக ஒரு மெயில் ஐ.டி. போட்டுக் கொடுங்கள் என்றார். அவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் மரகதம் அம்மா லைன் போடுகிறாராம். மகள் தை மாசம் வருகிறாள் என்பதே எதிர்வீட்டம்மாள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம். "என்ன எழுதியிருக்கான்னு கேட்டா, எல்லாம் சொல்லோணுமான்னு கேக்கறாளுங்க" என்றார். மறைத்ததற்கு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை, இதுதான் நடந்தது. தண்டபாணி பக்கத்தில் நின்று இலவச ஐ.டி. ஒன்று போட்டுக் கொடுத்தார். மகளுக்குத் தன் முதல் கடிதத்தை எங்கள் கடையிலேயே உட்கார்ந்து, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கவனத்தோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று மட்டும் என்னிடம் கேட்டார். சொன்னேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். பதில் வந்திருந்தது. உள்ளே போய்த் தனியாகப் படித்துவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது. என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"கோவமெல்லாம் இல்லப்பான்னு எழுதியிருக்காளுங்க அம்மணி. மத்த விவரமெல்லாம் அம்மாகிட்டக் கேட்டுக்கச் சொல்லியிருக்கா."

இத்தனை வருஷம் கழித்து, அந்த மூன்று கம்பெனியில் எது மலிவு என்று யாராவது கேட்டால் எனக்குச் சத்தியமாக நினைவில்லை, கேட்கவே கூடாத வீட்டு விஷயங்கள்தான் ஒன்று விடாமல் நினைவிருக்கின்றன.