அம்மனுக்கு எடுத்துப் போன தண்ணீர்

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் என் தங்கை வசந்தி ரோட்டோரம் விழுந்து கிடந்தாள். அவள் உடம்பில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. அவளைச் சுற்றி இருபத்தொரு குடம் தண்ணீர் நின்றது. அதில் ஒரு சொட்டு அவள் மேல் விழவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சமயபுரத்து அம்மாவை நம்புகிறவர்களாகத்தான் இருப்பீர்கள். நானும் அவளை நம்புகிறவள்தான். அவள் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. இடையிடையே வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு காட்டூரில். கைலாசபுரம் தொழிற்சாலை கேன்டீனில் நான் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். வெயில் காலம் தொடங்கும் முன் அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பார். உலை அருகே நிற்கிறவர்களுக்கான வகுப்பு அது. அடுப்படியும் சூடுதானே என்று எங்களையும் உட்கார வைத்துவிடுவார்கள். வடைக்கு அரைத்த மாவு புளித்துவிடுமே என்ற கவலையோடுதான் நான் உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும் சில விஷயங்கள் காதில் ஏறிவிட்டன. வெயிலில் ஒருவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது சாதாரண மயக்கம் இல்லை, சூடு மூளைவரை ஏறிவிட்டது என்று அவர் சொல்லுவார். ஆம்புலன்சைக் கூப்பிடு. நிழலுக்கு இழுத்துப் போ. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்று, விசிறு. ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வை. நினைவு சரியில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதே. வண்டி வருகிறவரை நிறுத்தாதே, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்பார்.

வசந்தி விழுந்ததற்கு முந்தின வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் சிக்கலாகி ரத்தம் நிறையப் போய்விட்டது. நான் பிழைத்தால் தீர்த்தக்குடம் எடுத்து வருவதாக வசந்தி வேண்டிக்கொண்டாள். அதோடு விட்டாளா? அன்றைக்குக் குடத்தைக் கோயிலில் சேர்க்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்றும் சேர்த்து வேண்டியிருக்கிறாள். அது எனக்குப் புறப்படுகிற காலையில்தான் தெரியும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் வைத்தே அவளைத் திட்டினேன். எனக்காக நீ ஏன்டி பட்டினி கிடக்கிறாய் என்றேன். சிரித்துக்கொண்டே குடத்துக்கு வேப்பிலை கட்டினாள்.

காவிரியில் தண்ணீர் மொண்டு, மஞ்சள் கரைத்து, ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதுதான் பேச்சு. ஐந்துக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் சமயபுரம் போய்விடலாம். மேளக்காரர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. வேன் வந்ததும் குழு போட்டோ. போட்டோ எடுத்ததும் பேனரில் ஒருவர் பெயர் விட்டுப்போனது என்று ஒரு சண்டை. கிளம்பும்போது மணி ஒன்பதைத் தொட்டுவிட்டது. எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணன்தான் வருஷா வருஷம் குழுவை அழைத்துப் போகிறவர். வெயில் ஏறிப்போச்சு, சாயங்காலம் நடக்கலாமே என்று கேட்டேன். "அம்மா பாத்துக்குவா, நீங்க வாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்தே எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டிவிடுவார்.

எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் என் தலையில் குடம் இல்லை. வசந்திக்குப் பின்னால் நடந்தேன். திருவானைக்காவல் தாண்டும்வரை பேசிக்கொண்டு வந்தாள். கொள்ளிடம் பாலம் ஏறியதும் பேச்சு நின்றது. பாலத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. செருப்பில்லாத காலுக்குத் தரை கொதித்தது. கீழே பார்த்தால் ஆறு முழுக்க மணல்தான். பாதி தூரத்தில் அவள் கால் பின்ன ஆரம்பித்தது. தண்ணீர் குடிடி என்று பாட்டிலை நீட்டினேன். என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யார் என்று தெரிந்த பார்வை இல்லை அது.

பாலம் முடிந்த இடத்தில் அவள் ஆட ஆரம்பித்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, உடம்பு இன்னொரு பக்கம் போனது. மேளக்காரர்கள் அதைப் பார்த்ததும் அடியை வேகப்படுத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஓடிவந்து குடம் விழுந்துவிடாமல் தலையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். குடத்தைப் பிடித்தார்கள், அவளைப் பிடிக்கவில்லை. அவள் அப்படியே மண்ணில் விழுந்தாள். சாமி வந்துவிட்டது என்று கூட்டமே கை கூப்பியது. கூப்பாத கைகளில் எல்லாம் போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

வசந்திக்கு இதுவரை சாமி வந்ததே இல்லை. எங்கள் குழுவில் அருள் வருகிறவர் தனம் அக்கா ஒருவர்தான். தெருமுனையில் பூ விற்கிறவர். வருஷம் தவறாமல் அவருக்கு வரும், எல்லாரும் விழுந்து கும்பிடுவார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒருநாளும் அதை நம்பியதில்லை. சம்பளம் வாங்காத நடிப்பு என்று வசந்தியிடம் கிண்டல் செய்திருக்கிறேன். அவள்தான் அப்படிப் பேசாதே அக்கா என்பாள்.

குனிந்து வசந்தியைத் தொட்டேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்டமாதிரி இருந்தது. முகம் சிவந்து போயிருந்தது. "அடுப்ப அணைங்க, அடுப்ப அணைங்க" என்று முனகினாள். அதைக் கேட்டு ஒரு பெண்மணி, அம்மா நெருப்பைக் கேட்கிறாள், அடுத்த வருஷம் தீச்சட்டி எடுக்கச் சொல்கிறாள் என்றார். உடனே இரண்டு மூன்று பேர் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டார்கள். அணைக்கச் சொல்கிறவளுக்கு நெருப்பு கொண்டு வருவதாகச் சத்தியம் செய்கிறார்கள். நான் என்ன செய்ய?

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். திருவிழாக் கூட்டத்தில் வண்டி வர நேரமாகும் என்றார்கள். பாட்டிலில் இருந்த அரை லிட்டரையும் அவள் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றினேன். ஊற்றினமாதிரியே இல்லை. இது வெயில் தாக்கினது, தண்ணி குடுங்க, குடத்த கவுங்க என்று கத்தினேன். ஒருவர் என் தோளைப் பிடித்து நகர்த்தினார். சாமி வந்த உடம்பைத் தொடாதே என்றார். இன்னொரு பெண்மணி காதருகே வந்து, நீ சுத்தமாக இருக்கிறாயா என்று கேட்டார். கர்ப்பப்பையே இல்லாதவளிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வசந்தியின் குடத்தைப் பிடித்திருந்தவரிடம் ஓடினேன். இது அவள் எடுத்த குடம், கொடுங்கள் என்று இழுத்தேன். செல்வராஜ் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அபிஷேகத் தண்ணிம்மா இது. மண்ணுல கொட்டுனா ஊருக்கே ஆகாது. கொஞ்சம் பொறுங்க, மல ஏறிட்டா எந்திரிச்சுருவாங்க."

சாமி மலையேறும்வரை பொறுக்க வேண்டுமாம். கீழே என் தங்கை வெந்துகொண்டிருக்கிறாள். எனக்காகத் தண்ணீர் குடிக்காமல் நடந்தவள். நான் பிழைத்ததற்கு விலையாக இவளை எடுத்துக்கொள்வாயா என்று மனசுக்குள் அம்மாவைக் கேட்டேன். அவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். கை கூப்பவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டேன்.

"தாயே, நான் சொன்னா இவங்க ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. நீயே வந்து சொல்லித் தொல."

பிரார்த்தனையா அது? சண்டை. அவ்வளவுதான் எனக்கு வந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சத்தம். தனம் அக்கா குடத்தோடு ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலை விரிந்திருந்தது. மேளம் தானாக நின்றது. இன்னொரு அருளா, நாசமாய்ப் போச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக வசந்தி அருகே வந்து நின்றார்.

"நான் இவகிட்ட இல்லடா. இது எம் புள்ள, வெந்துகிட்டு கெடக்கு. எனக்கு எடுத்த தண்ணிய இவ மேல ஊத்துங்க."

சொல்லிக்கொண்டே தன் குடத்தை அவள் மேல் கவிழ்த்தார்.

பிறகு யாருக்கும் அடுத்த வார்த்தை தேவைப்படவில்லை. செல்வராஜ் அண்ணன்தான் முதலில் ஓடிவந்து ஊற்றினார், அழுதுகொண்டே ஊற்றினார். நான் மூன்று முறை தொண்டை கிழியச் சொன்னதையேதான் அம்மாவும் சொன்னாள், ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. நான் சொன்னால் தீட்டு, அவள் சொன்னால் உத்தரவு.

அதற்குப் பின்னும் எனக்கு நிம்மதி இல்லை. ஆர்வத்தில் முகத்திலேயே கொட்டினார்கள். மூக்கில் போகும், கழுத்துக்குக் கீழே ஊற்றுங்கள் என்று கத்தி, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஒருவர் மோரை வாயில் புகட்ட வந்தார், அவர் கையைத் தட்டிவிட்டேன். நாலு பேரைச் சேலையைப் பிடித்து நிழல் கட்டச் சொன்னேன். வேப்பிலைக் கொத்துகளால் விசிறச் சொன்னேன். இப்போது சொன்னதெல்லாம் நடந்தது. எதிரே கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் அதுவரை கை கூப்பி நின்றவர், தன் ஐஸ் கட்டியை உடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தேன். இருபத்தொரு குடமும் தீர்ந்த பிறகு ஒரு வீட்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாக வந்தது. ஆம்புலன்ஸ் வருகிற சத்தம் கேட்டபோது வசந்தி கண்ணைத் திறந்து, "எங் குடம் எங்கக்கா" என்றாள். நான் அதுவரை அழவில்லை. அப்போது அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். கிட்னியில் கொஞ்சம் பாதிப்பு இருந்தது, சரியாகிவிட்டது. வண்டியில் ஏற்றும் முன்பே உடம்பைக் குளிர வைத்ததுதான் அவளைக் காப்பாற்றியது, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். யார் ஊற்றியது என்று கேட்டார். சமயபுரத்து அம்மா என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

தெருவில் கதை வேறு மாதிரி பரவியது. ஒரே இடத்தில் இரண்டு பேருக்குச் சாமி வந்ததாம், வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. வெயில் தாக்கியது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. குடம் வழியிலேயே கவிழ்ந்ததால் அந்த வருஷம் நல்லது நடக்காது என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஒருநாள் தனம் அக்கா பூக்கடைக்குப் போனேன். மல்லிகை வாங்குகிற சாக்கில் நின்று, அன்றைக்குச் சொன்னது நீங்களா அம்மாவா என்று கேட்டேன். அவர் பூ தொடுப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. முழிச்சுப் பாத்தா எங் குடம் காலியா இருந்துச்சு. நீ கத்துனது மட்டும் எங்கயோ தூரத்துல கேட்டுகிட்டே இருந்துச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டு நடுத்தெருவில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறுபது பேர் பக்கத்தில் நின்றும் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளுக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷம் நான் கேலி செய்த ஒரு பெண்ணின் வாயால் அவள் பதில் சொன்னாள். அன்றே தனம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, கூட ஒரு முழம் கொடுத்து அனுப்பினார்.

இந்த வருஷமும் நடந்தோம். ஐந்து மணி என்று சொல்லி ஆறேகாலுக்குத்தான் கிளம்பினார்கள். சண்டை போட்டதற்கு அந்த மட்டும் முன்னேற்றம். தள்ளுவண்டி ஒன்றில் நாலு கேன் தண்ணீரும் ஒரு ஐஸ் பெட்டியும் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். தண்ணி லாரி வருது வழி விடுங்க என்று என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும். பச்சைத் தண்ணீர் படாமல் நடக்கிறேன் என்று வந்த இரண்டு பெண்களை நிறுத்தி, அம்மா பேரைச் சொல்லியே குடிக்க வைத்தேன். வசந்தி என் பக்கத்தில் வண்டியைத் தள்ளினாள்.

சாமி வராது என்று நான் சொல்லவில்லை. வருவாள், கண்ணால் பார்த்தவள் நான். வந்திருப்பது அவளா வெயிலா என்று சந்தேகம் வந்தால், தொட்டுப் பாருங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் கையில் இருக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். அது தீர்த்தமாக இருந்தாலும் ஊற்றுங்கள். தன் பிள்ளை மேல் விழுந்த தண்ணீருக்காக எந்தத் தாயும் கோபித்துக்கொள்ள மாட்டாள். தைரியமாக அவளை நம்புங்கள், திட்டிக் கூப்பிட்டால்கூட வருகிறவள். ஆனால் உங்களுக்குக் கையும் குடமும் இருக்கும்போது, ஊற்று என்று சொல்வதற்காக அவளை இறங்கி வரவைக்காதீர்கள்.