உறைபனியில் வெறுங்கால்

தென்கோளத்துக் குளிர்காலமான ஒரு ஜூலை மாதம் வென்ட்வேர்த்வில்லில் இருந்து விடியமுன் பஸ்ஸில் புறப்பட்டு, தெற்கே பவ்ரல் பக்கம் சுற்றுலா போனோம். இலையுதிர்ந்த ஓக் மரங்கள், செம்மறிகள், கல்லால் கட்டிய பழைய தேவாலயம். இங்கிலாந்தின் கிராமமொன்றைக் குளிரோடு பெயர்த்து வைத்ததுபோல் இருந்தது.

என் பக்கத்து இருக்கையில் குரங்குத் தொப்பி போட்ட ஒரு அங்கிள். காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். தேவாலய வாசலில் அவர் மட்டும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“அங்கிள், இங்க கழட்டத் தேவையில்லை.”

“தெரியும் பிள்ளை,” என்றபடி வெறுங்காலோடு உள்ளே போனார்.

அடுத்து ஒரு புல்வெளியருகே பஸ் நின்றது. வெளி முழுவதும் உறைபனி. வெயில் பட்டுக் கண் கூசியது. எல்லோரும் இறங்கி ஓரமாக நின்று பார்த்தோம். அங்கிள் குனிந்து மறுபடியும் சப்பாத்தைக் கழற்றினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தினமும் சொல்லும் நர்ஸ் நான்.

“கால் விறைச்சா காயம் பட்டதே தெரியாது அங்கிள். இது சேர்ச்சும் இல்லையே!”

“அது மனிசர் கட்டினது பிள்ளை. அதுக்கே கழட்டினனான்.”

சொல்லிவிட்டு நடந்தார். வெள்ளைப் பரப்பில் அவருடைய காலடிகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன.

பஸ்ஸில் ஏறியதும் அவர் பாதங்களை என் மடியில் வைத்து, விரல் விரலாகப் பார்த்துத் துடைத்தேன். காயம் எதுவும் இல்லை. எத்தனையோ கால்களுக்குக் கட்டுப் போட்ட நான் அந்தப் பாதங்களை மடியிலிருந்து இறக்காமலே வைத்திருந்தேன். சூடு ஏறட்டும் என்று அவரிடம் சொன்னேன்.