தனகோட்டி எடுத்த சனிப்படம்

சுரங்கப் பட்டறையில் தனகோட்டி டர்னர். இரும்பை நூலளவு பிசகாமல் கடைந்து தருவார். வாயைத்தான் அளவோடு திறக்கத் தெரியாது. 1966-இல் தன் குவார்ட்டர்ஸ் கொல்லையில், முருங்கைக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே, ஒரு தொலைநோக்கியை நிறுத்தினார். அதன் ஆறங்குலக் கண்ணாடியை ஏழு மாதம் கையாலேயே தேய்த்திருந்தார். அதில் கண்ணை வைப்பதற்கு முன்பே ஷிப்ட் பஸ் முழுக்க அறிவித்தாகிவிட்டது.

"சனியோட வளையத்தைப் போட்டோ புடிக்கிறேன். பூங்கா மன்றப் பொருட்காட்சியில மாட்டுறேன்."

பூங்கா மன்றம் அதிகாரிகளுடையது. தொழிலாளி அங்கே நாற்காலி தூக்கிப்போடப் போகலாம். அவன் பெயர் சுவரில் ஏறியதில்லை. அந்த வருடம்தான் 'யாவரும் பங்கேற்கலாம்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தச் சுவரில் தன் பெயர் தொங்க வேண்டும். தனகோட்டிக்கு அது போதும்.

பக்கத்து அனல்மின் நிலையப் புகை வேறு திசைக்குப் போயிருந்த ஒரு மாலை, தொலைநோக்கியில் சனியைப் பிடித்துவிட்டார். வெள்ளையாக ஒரு உருண்டை. வளையத்தைக் காணோம்.

"எங்க வளையம்?" என்றாள் மனைவி புஷ்பவல்லி.

"வரும், வரும்."

"வர்றதுக்கு அது என்ன ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸா?"

கண்ணாடிதான் கோளாறு என்று மறுபடி இரண்டு வாரம் தேய்த்தார். உருண்டை இன்னும் துல்லியமாகத் தெரிந்தது, வளையம் வரவில்லை. கடைசியில் நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை கைகொடுத்தது. அந்த வருடம் சனியின் வளையம் கத்தி விளிம்புபோல் நமக்கு நேராகத் திரும்பி நிற்கிறதாம், கண்ணுக்கு அகப்படாதாம், பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஆகுமாம். பரீட்சையில் தோற்றவனுக்குக் கேள்வித்தாளே தப்பு என்று தெரிந்ததுபோல் குதித்தார் தனகோட்டி. வளையத்தோடு சனியை எவனும் எடுப்பான்; இதை எடுக்க யாருக்குக் கொடுத்துவைக்கும்?

இரவல் கேமராவை சைக்கிள் ட்யூபால் தொலைநோக்கியோடு கட்டி, மூச்சை அடக்கி, இரண்டு ரோல் தீர்த்தார். தேறியது ஒன்று: கடுகளவு வெள்ளைப் புள்ளி. அதைப் பெரிதாக்கச் சொல்லி வடலூர் சங்கரலிங்கத்தின் ஸ்டூடியோவில் கொடுத்தார்.

கல்யாணப் பெண்ணுக்குப் புருவமும் மாப்பிள்ளைக்கு முன்மயிரும் நெகட்டிவிலேயே பென்சிலால் சேர்த்து, வட்டாரத்தில் பல குடும்பங்களை வாழவைத்தவர் சங்கரலிங்கம். பொருட்காட்சி நாள் மதியம் போய் உறையைப் பிரித்தார் தனகோட்டி. சனியைச் சுற்றி, அழகாகச் சாய்ந்த வளையம்.

"இன்னாங்க இது?"

"நீங்க வளையம் வளையம்னு சொல்லிக்கினே இருந்தீங்க. படத்துல பார்த்தா மொட்டையா இருந்திச்சு. பாவமேன்னு நானே போட்டுட்டேங்க."

"இந்த வருசம் வளையம் தெரியாதுங்க!"

"அப்ப அடுத்த வருசத்துக்கு ஆவும்."

வேறு படம் போட நேரமில்லை. அதையே கொண்டுபோய் மாட்டினார். கீழே 'தனகோட்டி, டர்னர்' என்று எழுதிய அட்டை. நடுவர் சிவப்பிரகாசம், என்ஜினீயர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சபாஷ்! புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கே. முதல் பரிசு இதுக்குத்தான்."

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வாய் இருக்கவிட்டால்தானே!

"சார், வளையம் ஸ்டூடியோக்காரர் பென்சில்ல போட்டது. இப்ப வளையம் கண்ணுக்குத் தெரியாதுங்க சார்."

"யார் சொன்னா?"

"நானே பார்த்தேங்க."

"ஏய்யா, சனிக்கு வளையம் உண்டுன்னு என் பொண்ணு மூணாங்கிளாஸ்ல எழுதி மார்க் வாங்கியிருக்கா. நீ இல்லைங்கிற?"

கமிட்டி ஒதுங்கி நின்று ஐந்து நிமிடம் கிசுகிசுத்தது. படம் அறிவியல் சுவரிலிருந்து ஓவியச் சுவருக்குப் போனது. அங்கே அதற்கு முதல் பரிசு. 'சங்கரலிங்கம், வடலூர்' என்று புது அட்டை. பரிசாக வந்த டிபன் கேரியரை உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பு மட்டும் தனகோட்டிக்குக் கிடைத்தது.

மறுநாள் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்து, வளையத்தை அழித்து வேறு படம் போடச் சொன்னார்.

சங்கரலிங்கம் பதறிப்போனார். "பரிசு வாங்கின வளையம்ங்க! யோசிச்சுக்குங்க."

"அழிங்க."

பஞ்சால் துடைத்து, மறுபடி படம் போட்டுக் கொடுத்தார். வெறும் வெள்ளை உருண்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு தனகோட்டி திரும்பி வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நெலாவாங்க?"

"சனி."

"நெசமாவா?"

"நானே புடிச்சதுங்க. எங்க வூட்டுக் கொல்லையில."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, பின்படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். வளையம் எங்கே என்று கேட்காமல் அந்தப் படத்தை நம்பிய முதல் மனிதர் அவர்தான். தனகோட்டி அவர் இறங்கும்வரை அவரையே நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் டிக்கெட் வாங்கிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிவிட்டார்.