அண்ணனின் லென்ஸும் காதர் பாயின் பெயரும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பாதிப் பேரையாவது எங்கள் அண்ணன் ஒருமுறை சந்தேகப்பட்டிருப்பார். மீதிப் பேரை இரண்டு முறை. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால், வேறு யாரையோ பற்றி எழுதி அவருடைய படத்தைப் போட்ட மாதிரி ஆகிவிடும். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவருடன் பிறந்த ஒரே தங்கை என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அண்ணன் ஒரு மனிதர் மேல் கொண்ட சந்தேகம் தவறு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் போகும் வரை எட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த மனிதரின் பெயரில் ஒட்டிய அழுக்கை இங்கே துடைத்தாக வேண்டும்.

அண்ணன் பிறந்தது அனுமந்தன்பட்டியில். அவர் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடையில் மூட்டை இறக்கப் போனார். சேர்ந்த முதல் மாதமே ஒரு மூட்டை குறைகிறது என்று அவரை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். மறுநாள் அந்த மூட்டை வேறொரு வண்டியிலிருந்து கிடைத்தது. அதற்காக அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் எதையும் இரண்டு தடவை பார்க்காமல் அவர் நம்பியதில்லை.

அந்தக் குணம்தான் அவரை வியாபாரி ஆக்கியது. கையில் அள்ளிய காயை முகர்ந்து பார்த்தே எந்த மலைக் காய், பழைய காயைக் கலந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். பின்னாளில் மலையில் சொந்தமாகச் சிறு தோட்டம் வாங்கியபோது, காய் எடுக்க வரும் பெண்களின் கூடைகளை நிறுக்கும் தராசையும் சந்தேகப்பட்டார். கங்காணி நிறுத்த பிறகு தானே ஒருமுறை நிறுத்து, குறைந்திருந்தால் அந்தப் பெண்கள் பக்கம் நின்று சத்தம் போடுவார். அவருடைய சந்தேகத்தால் பிழைத்தவர்களும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

என் கணவர் இறந்து, கைக்குழந்தையோடு நான் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, "எத்தனை நாள் இருப்பாய்" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணியும் கேட்டதில்லை. ஆனால் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அது அண்ணன் கொடுத்த பயமில்லை, நானே வளர்த்துக்கொண்டது. சந்தேகம் எங்கள் குடும்பத்து ரத்தத்தில் இருக்கிறது போலும்.

அண்ணனுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் கேமரா. தொண்ணூற்றாறு வாக்கில் குமுளிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, பழைய ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். ஜன்னலுக்குள் ஒரு கட்டம் தெரியும், கட்டத்துக்கு வெளியே நிற்பவர்களும் தெரிவார்கள். "யாரு உள்ள வரப் போறாகன்னு முன்கூட்டியே தெரிஞ்சிரும்த்தா" என்று சந்தோஷப்பட்டார். அவருக்கென்றே செய்த கேமராதான்.

அதற்குத் தொண்ணூறு எம்.எம். லென்ஸ் ஒன்று வேண்டும் என்று ஐந்து வருடம் அலைந்தார். முகங்களை எடுப்பதற்கான லென்ஸ் அது. பக்கத்தில் போய் நின்றால் ஆட்கள் விறைத்துக்கொள்கிறார்கள், பத்தடி தள்ளி நின்றால்தான் முகத்தில் உள்ளது வெளியே வரும் என்பது அவர் கட்சி. அதிலும் இருட்டான ஏலக்காய்த் தோட்டத்துக்குள் எடுக்கிற மாதிரி வாய் அகன்ற, விலை உயர்ந்த வகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கடைசியில் குமுளியில் ஜோஸ் என்ற தரகர், ஓய்வு பெற்றுப் போகும் ஒரு மேனேஜரிடம் அப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

வாங்கிய கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமை போனார். முதல் வாரம் லென்ஸைத் தொடவே இல்லை, ஜோஸின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாம் வாரம் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். லென்ஸில் பொறித்திருந்த நம்பரை, ஜோஸ் டீ வாங்கப் போன நேரத்தில், உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மூன்றாம் வாரம் தேனியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்த நம்பர் எந்த வருடத்து லென்ஸ் என்று தேட வைத்தார். முதல் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பாமல் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் தேட வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணேதான் சார் காட்டும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டும் உங்க கடையிலதான இருக்கு?" என்று கேட்டாராம் அண்ணன்.

நான்காம் வாரம் வாங்கிவிட்டார். "எந்தா சேட்டா, இப்பம் விஸ்வாசம் ஆயோ?" என்று, இப்போதாவது நம்பிக்கை வந்ததா என்று மலையாளத்தில் கேட்டு ஜோஸ் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து அந்தத் தோல் பெட்டியை அண்ணன் திறந்தபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் சுருளில் எடுத்தது என்னைத்தான். முறம் வைத்துக் காய் புடைத்துக்கொண்டிருந்தேன். நான் அழகாக இருக்கிறேன் என்று எனக்கே தெரியவந்தது அந்தப் படத்தில்தான். இந்த மலரில் அது இடம்பெற்றிருக்கிறது.

அடுத்த வருடம் லென்ஸின் வளையம் இறுகிப்போனது. உத்தமபாளையத்தில் காதர் பாய் என்று ஒருவர் கடிகாரமும் கேமராவும் பழுது பார்த்து வந்தார். கம்பம், சின்னமனூர் ஸ்டுடியோக்காரர்களெல்லாம் அவரிடம்தான் கொடுப்பார்கள். அண்ணன் லென்ஸைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று வெள்ளிக்கிழமை. கழற்றிய பாகங்களைத் துணி போட்டு மூடிவிட்டு, பாய் கடையைப் பூட்டிக்கொண்டு தொழுகைக்குப் போனார். அவர் திரும்பும் வரை அண்ணன் வெயிலில் ஷட்டர் முன்னாலேயே நின்றார். மாலையில் வளையம் வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. அண்ணன் முகம் மலர்ந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இரண்டு வாரம் கழித்து, காய் எடுப்புக்காக எல்லோரும் மலைக்குப் போனோம். விடாத மழை. சுவரெல்லாம் ஓதமேறி ஈரம். அண்ணன் போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்குப் புறப்படும்போது தோல் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"ஆத்தா, இதுல ஈரம் மட்டும் படக் கூடாது. பூஞ்சை ஏறுனா அம்புட்டுத்தேன். ஒன்னத்தேன் நம்பிப் போறேன்."

அவர் வாயிலிருந்து 'நம்பி' என்ற வார்த்தையை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். அந்த வார்த்தையைக் காக்கப் போய்த்தான் லென்ஸைக் கெடுத்தேன்.

அலமாரியில் வைத்தேன், அங்கேயும் ஈரம். அரிசிப் பானையில் வைக்கலாமா என்று யோசித்தேன். ஏலக்காய்க்காரர் வீட்டுப் பெண்ணுக்கு, ஈரம் போக வேண்டுமென்றால் கடைசியில் ஒரே இடம்தான் தோன்றும். தோட்டத்தில் பச்சைக் காயை விறகு மூட்டி உலர்த்தும் அறையை ஸ்டோர் என்போம். குழாய்களில் சூடு ஓடும், அடுக்கடுக்காகத் தட்டுகள் இருக்கும். மேல் தட்டில் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினேன். மறுநாள்தான் எடுத்தேன். தோல் மொறுமொறுவென்று உலர்ந்திருந்தது. நல்ல வேலை செய்தோம் என்று நினைத்தேன். பச்சைக் காய் உலரும்போது அதன் ஈரமெல்லாம் ஆவியாகி மேலே ஏறும் என்பது, தினமும் அதைப் பார்த்த எனக்கு அப்போது தோன்றவில்லை. லென்ஸுக்குள் மசகு இருக்கும், சூட்டில் அது உருகும் என்பதும் எனக்குத் தெரியாது.

அண்ணன் வந்து மூன்று சுருள் எடுத்தார். மதுரையில் கழுவி வந்த படங்களில் ஒரு முகமும் தெளிவாக இல்லை. பனிக்குள் நின்றவர்கள் மாதிரி இருந்தார்கள். அண்ணன் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தலை நிமிர்ந்து, "அந்தக் கடைக்குப் பின் கதவு இருந்திருக்கும்" என்றார்.

உத்தமபாளையம் போய்ப் பார்த்தார். பின் கதவு இருந்தது. தொழுகை நேரத்தில் பாய் அந்த வழியாக வந்து கண்ணாடியை மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினார்.

அவர் பாயிடம் போனபோது நானும் கூடப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பாய் லென்ஸைத் திறந்து, ஒரு கண்ணாடியை மூக்கருகே கொண்டு போனார்.

"முதலாளி, இதை எங்கனயாச்சும் சூட்டுல வச்சீகளா? கிரீசு பூரா உருகி உள்ள படிஞ்சிருக்கு. ஏலக்கா வாசம் வேற குப்புன்னு அடிக்கிது."

அண்ணன் வாங்கி முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சோறு, துணி, தலையணை எல்லாமே அந்த வாசம்தான். ஊரார் காயை முகர்ந்தே குற்றம் கண்டுபிடிப்பவருக்குத் தன் வீட்டு வாசம் மூக்கில் ஏறவில்லை.

"கதை விடாதீக பாய். இது நான் குடுத்த கண்ணாடி இல்ல."

"நம்பர் அதேதான முதலாளி?"

"நம்பர் வெளிய இருக்கு. கண்ணாடி உள்ளதான இருக்கு."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தை அண்ணன் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். பேருந்தில் திரும்பும்போது, "பாத்தியா, ஒண்ணும் பேச முடியல அவனால" என்றார். நானும் ஒன்றும் பேசவில்லை.

அண்ணன் சொன்னால் கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு மதிப்பு இருந்தது. சந்தேகப்பட்டு அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்ததால் வந்த மதிப்பு அது. ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராக மதுரைக்குப் போகத் தொடங்கினார்கள். பாய் கடையில் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றும் வேலை மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் நின்று, அது செல்போன் ரீசார்ஜ் கடையானது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் நான் மறுபக்க ஜன்னலோரம் உட்காருவேன்.

அண்ணன் பிறகு அதே வகையில் மூன்று லென்ஸ் வாங்கினார். ஒன்றிலும் பழைய படம் விழவில்லை என்பார். சாம்பிள் ஏலக்காய்ப் பைகளில் சீட்டுக் கட்டுவது போல ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டினார். ஒன்றில், "விற்றவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை" என்று இருக்கும். இன்னொன்றில், "விலை மலிவு, காரணம் தெரியவில்லை." வரும் உறவினர்கள் படித்துச் சிரிப்பார்கள். முதல் லென்ஸில் கட்டியிருந்த சீட்டில், "கண்ணாடி மாற்றப்பட்டது, உ.பாளையம் பாய்" என்று இருந்தது. லென்ஸ்கள் இருந்த பீரோவைத் துடைக்கிற வேலை என்னுடையது. எட்டு வருடம் அதைத் தூக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கடைசி நாட்களில் தேனி ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டையில் உள்ள பெயரை என்னை வாசிக்க வைத்த பிறகுதான் விழுங்குவார். ஒரு மதியம் நானும் அவரும் மட்டும் இருந்தோம். திடீரென்று கேட்டார்.

"அந்தப் பாய் நல்ல வேலைக்காரன்த்தா. ஏன் அப்பிடிச் செஞ்சாருன்னுதேன் எனக்கு இன்னும் வெளங்கல."

யாரும் உள்ளே வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. சொல்லாமல் விட்டதற்கு எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. "அதெல்லாம் விடுங்கண்ணே" என்றேன். நான்கு நாளில் அவர் போய்விட்டார். விளங்காமலேயே போனார்.

போன மாதம் உத்தமபாளையம் போய்க் காதர் பாயைப் பார்த்தேன். ரீசார்ஜ் கார்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் பேசத் தொடங்கியதுமே கை காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. புருசன எழந்து அண்ணன் வீட்டுல நிக்கிறீக. நான் வாயத் தொறந்தா ஒங்க சோத்துல மண்ணு விழுந்துருமோன்னு பேசாம இருந்தேன். ஒரு வாரத்துல நீங்களே சொல்லிருவீகன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எனக்காக எழுத வேணாம், எனக்கு வயசாயிருச்சு. தேவதானப்பட்டில எம் மகள கட்டிக் குடுத்திருக்கு. இந்தப் பேச்சு வந்தப்ப அவ பள்ளிக்கூடத்துல படிச்சா, கூடப் படிக்கிற பிள்ளைக கேலி பண்ணிச்சுக. இன்னும் வரும்போதெல்லாம் கேக்குறா, 'நெசமாவே நீங்க மாத்தலையா அத்தா'ன்னு. அவளுக்கு ஒண்ணு அனுப்பி வைங்க."

அண்ணனின் இறுதி நாட்களில் உடனிருந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அனுமந்தன்பட்டிக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநருக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் பார்த்துக்கொண்ட தெருவாருக்கும், மழையில் மலையிறங்கி வந்து நின்ற தோட்டத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனிடம் கேட்டதை வைத்துக் காதர் பாயைத் தவறாக நினைத்தவர்கள், அந்தத் தவறை என் பெயரில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மலரின் முதல் பிரதி தேவதானப்பட்டிக்குப் போகிறது. மகளே, உன் முகம்கூட எனக்குத் தெரியாது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். உன் அத்தா கண்ணாடியை மாற்றவில்லை. இனி அவரிடம் கேட்காதே.