பழைய விமானத்துக்கு வழக்கு இல்லை

என் கணவர் அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சிறிய விமானங்களை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒருநாள் மாணவி ஒருத்தியோடு பறந்தபோது என்ஜின் நின்றுபோய், விமானம் சோளக்காட்டில் விழுந்தது. மாணவி பிழைத்தாள். அவர் பிழைக்கவில்லை. விமானி இன்னும் சீக்கிரம் சுதாரித்திருக்கலாம் என்று முதல் விசாரணை அறிக்கை சொன்னது. அதைத் தாங்க முடியாமல்தான் நானும் என் மாமனாரும் விமானத்தைச் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட்டோம். எரிபொருள் பம்பில்தான் கோளாறு என்றார் எங்கள் வக்கீல்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்து, பரீட்சைத் தாள் திருத்தி, வக்கீல் கேட்ட ஆவணங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "நடக்கு" என்று மட்டும் சொல்வேன். மேற்கொண்டு சொல்லத் தெம்பில்லை.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் வக்கீல் வீடியோவில் அழைத்தார். எங்கள் டவுண் வீட்டில் மாமா சலவைச் சட்டை போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வக்கீலின் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை.

"என்னம்மா சொல்லுதாரு?"

"தள்ளுபடி ஆயிட்டு மாமா. விமானம் ரொம்பப் பழசாம். வித்து இத்தனை வருஷம் ஆயிட்டுன்னா செஞ்சவன் மேல கேஸ் போட முடியாதுன்னு அங்க சட்டமாம்."

"நடுவுல புதுப் பாகம் மாத்தியிருக்காங்க, அதனால கேஸ் நிக்கும்னாரே?"

"மாத்துனது வேற பாகம், பம்பு இல்லன்னு கோர்ட்டு சொல்லிட்டு."

"அப்போ தப்பு என் மகன் மேலங்காங்களா?"

"அதையும் சொல்லல மாமா. தப்பு யாரு மேலன்னு பாக்கவே இல்ல."

அப்பீல் போகலாமா என்று வக்கீல் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று போனை வைத்தேன். அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் வலித்தது.

அடுத்த வாரம் அந்த மாணவி கூப்பிட்டாள். அவளும் சாட்சி என்பதால், வழக்கு முடியும்வரை எங்களிடம் பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்களாம். என்ஜின் நின்றதும் அவர் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாராம். எதிரே வீடுகள் இருந்ததால் சோளக்காட்டுப் பக்கம் திருப்பினாராம். "பெல்ட்டை இறுக்கு, கதவைத் திறந்து வை" என்று, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னாராம். நான் ஒவ்வொன்றாக மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"பயந்தானான்னு கேளு."

கேட்டேன். குரல் நடுங்கவே இல்லை என்றாள்.

"இத கோர்ட்டுல சொல்லலையா அந்தப் பிள்ள?"

"சாட்சி வரைக்கும் கேஸ் போகலையே மாமா."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகனின் உடல் வந்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை.

"அப்பீல் வேண்டாம்னு எழுதிரட்டா?" என்று கேட்டேன்.

"எழுதிரும்மா. எனக்கு முடியல. உனக்கும்தான் முடியல."

அன்றைக்கே வக்கீலுக்கு எழுதிவிட்டேன். பிறகு இருவருக்கும் தோசை ஊற்றினேன். மாமா ஒன்றோடு எழுந்துவிட்டார்.