பத்து வினாடி பனியன்

ஜெயசுதா எங்கள் கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள். தைத்து வருகிற பனியனைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, பிசிறு கண்டுபிடிக்கிற வேலை. கால் வீங்கியதுதான் மிச்சம். லீவு நாளெல்லாம் கம்ப்யூட்டரில் துணி வரையப் படித்து, போன வருடம் மாடியில் டிசைன் வேலைக்கு வந்தாள். பக்கத்து நாற்காலியில் நான், மெர்ச்சண்டைசர். பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரனுக்கு, மெயில் எழுதுவதும் எல்லோரிடமும் திட்டு வாங்குவதும் என் பிழைப்பு.

புதிதாக வந்த பையர் சாம்பிள் பீஸ் கேட்கவில்லை. பனியன் காற்றில் ஆடித் திரும்புகிற மாதிரி பத்து வினாடி வீடியோ, திங்கள் காலை ஒன்பது மணிக்குள் வேண்டும் என்றான். முதலாளி சாமியப்பன் சுதாவிடம் பட்டென்று சொல்லிவிட்டார். "இது போகலீன்னா மாடியில இந்த சீட்டு எதுக்குங்க? பழையபடி செக்கிங்குக்கே போயிருங்க."

புதன் மதியம் ரெண்டரிங் போட்டாள். அதாவது, வரைந்ததை ஒவ்வொரு படமாக ஆக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரிடம் விட்டாள். பத்து வினாடிக்கு இருநூற்று நாற்பது படம். படத்துக்கு இருபது நிமிடம், சனிக்கிழமை முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் பனியன் மடிந்து திரும்பத் தொடங்கியதும் ஒரு படத்துக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. சாமியப்பன் மணிக்கொரு தரம் படியேறினார்.

"ஒரு பனியனுக்கு இத்தன நாளுங்களா? ரெண்டு ஆளச் சேத்துப் போட்டுக்கங்க."

"ஆளுக வேலையில்லீங்க. வெளிச்சம் ஒவ்வொரு இழையிலயும் பட்டு அடுத்த இழைக்கு எப்படித் தெறிக்குது, நெழலு எங்க விழுகுதுன்னு அது கணக்குப் போடோணுங்க. பனியன் துளி அசஞ்சாலும் மறுபடி மொதல்ல இருந்து."

"மெசினு ஓடற சத்தமே காணமே" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறு காலை வந்து பார்த்தால் நூற்று எழுபது படம்தான் ஆகியிருந்தது. மீதி முடியச் செவ்வாய் ஆகும். சுதா ஸ்கிரீனைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். செக்கிங்கில் அவளோடு நின்ற மருதம்மாள், ஓவர்டைமுக்கு வந்தவள், டீயோடு மேலே வந்தாள். ஸ்கிரீனில் இருந்த பனியனைப் பார்த்ததும் அவள் கை தானாக நீண்டு, பிசிறு எடுப்பது போல நகத்தால் சுரண்டியது.

"ஏம்புள்ள, இது வாஷுக்குப் போகாத துணியா? மேலெல்லாம் பஞ்சு நிக்குது."

சுதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆர்டரில் பயோ வாஷ் என்று இருந்தது. துணிமேல் எழுகிற பஞ்சை நீக்கி மழமழப்பாக்குகிற சலவை. இவளோ அசல் பனியனாகத் தெரியவேண்டும் என்று லட்சக்கணக்கில் பஞ்சு முடி வைத்திருந்தாள். ஒவ்வொரு முடிக்கும் ஒரு வெளிச்சம், ஒரு நிழல். மடிப்புக்குள் முடிகள் நெருங்க நெருங்கக் கணக்கு பெருகிக்கொண்டே போயிருக்கிறது. ஆர்டர் ஷீட்டைக் கொடுத்தவனே நான்தான். எனக்கும் அது உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பஞ்சை எடுத்துவிட்டு ஒரு படம் ஓட்டினாள். ஐந்தே நிமிடம். ஆனால் பாதி வீடியோ பஞ்சோடும் பாதி மழமழவென்றும் இருக்க முடியாது. பழைய நூற்று எழுபதும் வீண்.

"அழிச்சிராதம்மா, ஒரு காப்பி வெச்சுக்க" என்றேன்.

"வெச்சிருந்தா மனசு அங்கயே நிக்குங்ண்ணா."

அழித்தாள். அழித்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிவந்து, மறுபடி முதல் படத்திலிருந்து ஓடவிட்டாள்.

திங்கள் காலை எட்டரைக்கு வீடியோ போனது. மதியம் பையர் ஓகே சொன்னான். சாமியப்பன் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"ஒரே நாள்ல ஆகுதுல்லங்க! அடுத்து குளுருக்குப் போடற குல்லா வெச்ச ஹூடி ஒண்ணு இருக்குது. அதையும் ஒரே நாள்ல முடிச்சிருங்க."

"ஆகாதுங்க" என்றாள் சுதா. "அது உள்பக்கம் பூராவும் பஞ்சுங்க. பஞ்சை எடுத்துட்டா அது ஹூடியே இல்லீங்க. ஏழு நாளு வேணுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கேட்ட தேதிக்கெல்லாம் 'முடிஞ்சிருங்க' என்று தலையாட்டியே எட்டு வருடம் ஓட்டியவன் நான்.

"ஏழு நாளுங்க" என்றேன்.